காகித வீட்டின் தெற்குச் சுவர்

சாந்த்-மார்த் ஊரில் யாரிடம் வழி கேட்டாலும், "காகித வீடு வரும், அதைத் தாண்டி இடதுபக்கம் திரும்பு" என்றுதான் சொல்வார்கள். அந்தக் காகித வீடு ஓதெத் மிஷோவினுடையது. சட்டம் நிறுத்தி, பலகை அடித்து, ஈரம் புகாமல் இருக்க வெள்ளைக் காகிதம் சுற்றி, அதன்மேல் சைடிங், அதாவது வெளிச்சுவர்ப் பலகை, போட வேண்டிய கட்டத்தில் அப்படியே நின்றுபோன வீடு. நின்று பதினோரு வருஷம் ஆகிவிட்டது. காகிதத்தில் ஆளுயரத்துக்கு அச்சடித்திருந்த கம்பெனிப் பெயரை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடாவில் நின்றுகூட வாசிக்கலாம் என்று கோயில் விருந்துகளில் கேலி பேசுவார்கள். ஓதெத்தும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்கு வந்ததும் பாத்திரங்களை டொம் டொம்மென்று வைப்பாள்.

சைடிங் வாங்காமல் இல்லை. அவள் கணவன் ரோஸேர் அதை வாங்கியே பதினோரு வருஷம் ஆகிறது. வெண்ணெய் நிறம், பன்னிரண்டடி நீளம், பதினாலு பெட்டி. கராஜில் ஒரு சுவரோரமாக அடுக்கி வைத்திருந்தான். காலப்போக்கில் அது ஒரு மேசையாகவே மாறிவிட்டது. அதன்மேல் கிறிஸ்துமஸ் விளக்குகள், வெள்ளரி ஊறுகாய் பாட்டில்கள், ஜோடி தொலைந்த பனிக்காலணி ஒன்று. பதினாலில் ஒரு பெட்டி மட்டும் பிரிந்து பாதி காலியாக இருந்தது. "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றான் ரோஸேர். ஓதெத் அந்தக் கடைக்காரனிடம் பதினோரு வருஷமாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

ரோஸேரைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் நாக்கு அழுகிவிடும். மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். திங்கள் விடியுமுன் காட்டுக்குப் போனால் வெள்ளி சாயங்காலம்தான் வீடு. சனிக்கிழமை விறகு பிளப்பான், கூரைப் பனி தள்ளுவான், பக்கத்து வீட்டு வண்டியின் அடியில் படுத்துக்கிடப்பான். சைடிங் பேச்சை எடுத்தால் மட்டும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "அடுத்த கோடையில" என்பான். கோடையும் வரும், உருளைக்கிழங்கு அறுவடையும் வரும், பனியும் வரும். காகிதம் ஒவ்வொரு குளிர்காலமும் காற்றில் கிழியும். ஓதெத் ஏணி போட்டு ஏறி அதைத் திரும்ப ஒட்டுவாள்.

அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். இருபத்துநாலு வருஷமாக ஏழாம் நம்பர் பஸ். ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவள் 'தாந்த் ஓதெத்', அத்தை. விடிகாலையில் வண்டியை எடுக்குமுன் சுற்றிவந்து ஒவ்வொன்றையும் பிடித்து ஆட்டிப் பார்ப்பாள். கண்ணாடி, கதவு, சக்கரத்து நட்டு. எதுவாவது ஆடினால் முறுக்கிவிட்டுத்தான் மறுவேலை. வீட்டிலும் அப்படியே. அவள் மூடிய பாட்டிலைத் திறக்க ரோஸேர் குறடு தேடுவான். இப்படிப்பட்டவள் வாழ்க்கையில் பதினோரு வருஷம் படபடத்துக்கொண்டிருந்தது அந்தக் காகிதம் ஒன்றுதான்.

ஜனவரியில் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வெளிச்சுவர் முடிக்காத வீட்டுக்கு மே மாதத்துக்குமேல் காப்பீடு கிடையாது, அதற்குள் ஆள் வந்து பார்வையிடுவார், அவ்வளவுதான். காப்பீடு இல்லாத வீட்டைக் கடன் கொடுத்த பேங்க்காரன் விட்டுவைக்கமாட்டான் என்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு பேருமாகக் கல்லுப் பொறுக்கி அஸ்திவாரம் போட்ட வீடு அது.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில், தோசைமாதிரி வார்த்த ப்ளோய்களுக்கு நடுவே, ஓதெத் கடிதத்தை ரோஸேர் முன்னால் வைத்தாள். அவன் வாசித்தான். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான், அங்கே ஏதோ நல்ல செய்தி இருப்பதுபோல.

"அடுத்த..." என்று ஆரம்பித்தான்.

"கோடைன்னு மட்டும் சொன்னே, இந்த ப்ளோய் உன் தட்டுக்கு வராது கிழவா."

"சரி, ஆள் வெச்சுப் போட்டுடலாம்."

"கேட்டாச்சு. நாலு பேரைக் கேட்டாச்சு. அடுத்த வருஷம் இலையுதிர்காலத்துலதான் கை காலியாம் எல்லாருக்கும்."

ரோஸேர் ப்ளோயில் வெண்ணெய் தடவினான். தடவித் தடவி ஓட்டை போட்டான்.

அடுத்த வாரம் ஓதெத் தொழிற்பயிற்சிக் கூடத்துக்குப் போய், பெரியவர்களுக்கான சனிக்கிழமை வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வெளிச்சுவர் போடக் கற்றுத்தரும் வகுப்பு. மாணவர்கள் ஆறு பேர். அதில் ஒருத்தி பெர்நிஸ், தபால் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர்க்கதை முழுவதும் சேகரிக்கிறவள், ஓதெத்தின் கூட்டாளி. இன்னொருவன் வேய்ன், உருளைக்கிழங்குக் கிடங்கில் வேலை பார்ப்பவன். ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தைதான் என்று அளந்து பேசுகிறவன்.

வாத்தியார் கோரி டேகிள். வயது முப்பத்திரண்டு. ஓதெத்தைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஏழாம் நம்பர் பஸ்ஸில் பத்து வருஷம் போனவன். உயிருள்ள தவளையைக் கொண்டுவந்ததற்காக ஒரு மாதம் முன் சீட்டில், டிரைவர் கண்முன்னே உட்காரவைக்கப்பட்டவன்.

"தாந்த் ஓதெத், நீங்களா?"

"ஏண்டா, நான் வரக் கூடாதா? நீ வாத்தியார்னா எனக்குந்தான் நம்ப முடியலை."

"இங்க நான் சொல்றதைக் கேக்கணும், சொல்லிட்டேன்."

"பையில தவளை இல்லைன்னா கேக்கறேன்."

வகுப்பு ஒரு பெரிய கொட்டகையில். நடுவே பயிற்சிக்காக எட்டடிச் சுவர் ஒன்று நிறுத்தியிருந்தது. வினைல் பிளாஸ்டிக் பலகையின் அடி விளிம்பை அதற்குக் கீழே உள்ளதில் கொக்கி மாதிரி மாட்டி மேலே இழுத்தால் 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ளும். மேல் விளிம்பில் நீள நீளமாகத் துளைகள். அந்தத் துளையின் நடுவில் ஆணி. இதுவரை எல்லாம் ஓதெத்துக்குச் சம்மதம். அடுத்ததுதான் அவள் தொண்டையில் இறங்கவில்லை.

"ஆணியை முழுசா இறக்கக் கூடாது" என்றான் கோரி. பையிலிருந்து பத்து சென்ட் காசு ஒன்றை எடுத்து ஆணித் தலைக்கும் பலகைக்கும் நடுவே செருகிக் காட்டினான். "இந்தக் காசு நுழையற அளவுக்கு இடம் விடணும். சைடிங்கை அறையறதில்லை, தொங்கவிடறது. வெயில்ல நீளும், குளிர்ல சுருங்கும். போய்வர இடம் வேணும். போட்டு முடிச்சதும் இப்படிக் கைவெச்சுத் தள்ளிப் பாருங்க. ஆடணும்."

பலகை அவன் உள்ளங்கையோடு கொஞ்சம் நகர்ந்து திரும்பியது.

"ஆடுதே" என்றாள் ஓதெத்.

"ஆடணும்னுதானே சொல்றேன்."

"இருபத்துநாலு வருஷமா ஆடற நட்டையெல்லாம் முறுக்கி முறுக்கி என் கை காய்ச்சுப்போச்சு. ஆட விடுன்னு சொல்லிக் குடுக்கற ஒரே ஆள் நீதான்."

"பஸ்ஸு வேற, சுவர் வேற தாந்த்."

"அவ வீட்டுல ஊறுகாய் பாட்டிலைக்கூடத் திறக்க முடியாது" என்று பெர்நிஸ் ஊருக்கே கேட்கிறமாதிரி சொன்னாள்.

கோரி பக்கத்தில் நின்றால் ஓதெத் காசு அளவு இடம் விடுவாள். அவன் நகர்ந்ததும் அவள் சுத்தியல் தானாக இன்னொரு தட்டு தட்டும். "தாந்த், சத்தம் கேட்டுது" என்று அவன் அங்கிருந்தபடியே சொல்வான். மற்றபடி வகுப்பில் அவளை அடிக்க ஆளில்லை. வெட்டுவது நூல் பிடித்தாற்போல இருக்கும். மட்டம் ஒரு மயிரிழை பிசகாது.

ஒவ்வொரு வருஷமும் ஏப்ரலில் வகுப்பு ஊரில் ஒரு நிஜ வீட்டுக்குப் போகும். இந்த வருஷம் எந்த வீடு என்ற கேள்வி வந்தபோது பெர்நிஸ் கையைத் தூக்கி, "இதுல யோசிக்க என்ன இருக்கு" என்றாள். எல்லாரும் ஓதெத்தைப் பார்த்தார்கள். அவள் காது சிவந்தது. ஆனாலும் தலையை ஆட்டினாள். மே முப்பத்தொன்று அவள் கண்முன் நின்றது.

அந்த வெள்ளிக்கிழமை ரோஸேரிடம் சொன்னாள். அவன் எழுந்து கராஜுக்குப் போய், பெட்டிகள்மேல் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கிவைத்துவிட்டு வந்தான். மறுநாள் வகுப்பு வந்து இறங்கியபோது அவன் அண்ணன் வீட்டில் ஏதோ அவசர வேலை என்று கிளம்பிவிட்டான். அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படியே. ஓதெத்துக்குக் கோபம் கோபமாக வந்தது. தான் செய்யாததை இன்னொருத்தர் செய்தால் பார்க்கக்கூடப் பொறுக்காதா ஒரு மனுஷனுக்கு என்று பெர்நிஸிடம் புலம்பினாள்.

மேற்குச் சுவர் போடும்போது ஒன்று நடந்தது. காகிதத்தில் மூன்று வரிசை நெடுக, சின்னச் சின்ன டேப் துண்டுகள் ஒட்டியிருந்தன. கோரி ஒன்றை உரித்துப் பார்த்தான். அடியில் ஆணி ஓட்டை.

"இங்க யாரோ முன்னாடியே அடிச்சுப் பாத்திருக்காங்களே."

"காத்துல கிழிஞ்சிருக்கும்" என்றாள் ஓதெத்.

"காத்து இவ்வளவு நேரா கிழிக்காது" என்றான் வேய்ன். அன்றைக்கு அவன் பேசியது அவ்வளவுதான்.

மே பாதிக்குள் வடக்கு, மேற்கு, கிழக்கு என மூன்று சுவர்கள் முடிந்தன. ரோட்டைப் பார்த்த தெற்குச் சுவர் மட்டும் பாக்கி. அந்தச் சனிக்கிழமை மழை கொட்டித் தீர்த்து வகுப்பு நடக்கவில்லை. திங்கள்கிழமை இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அடுத்த திங்கள் காலை ஒன்பது மணிக்குப் பார்வையிட வருகிறார்கள். நடுவில் ஒரே ஒரு சனிக்கிழமை. அன்றும் மழை வந்தால்? ஓதெத்துக்குக் கை அரித்தது. கோரியைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மூன்று சுவர் போட்டவளுக்கு நாலாவது தெரியாதா என்ற மிதப்பு.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்ததிலிருந்து மதியம் பஸ் எடுக்கப்போகும்வரை அவள் ஏணியில்தான் இருந்தாள். பலகையின் மறுமுனையைத் தாங்க ஆளில்லாததால் ஒரு கயிற்றில் சுருக்குப் போட்டு மாட்டிக்கொண்டாள். மே மாதம் என்று பெயர்தான், ஆற்றுக் காற்று காதை அறுத்தது. இந்தக் காற்றுதானே பதினோரு வருஷம் காகிதத்தைக் கிழித்தது? காசு அளவு இடம் விட்டால் அந்த இடத்தில் இது விரலை விட்டுப் பிய்க்காதா? கோரிக்கென்ன, அவன் வீடு மேட்டில் மரங்களுக்குள் இருக்கிறது. அவள் ஒவ்வொரு ஆணியையும் தலை மறைய இறக்கினாள். கடைசியில் இன்னொரு தட்டு. நானூறு ஆணிக்குமேல் இருக்கும். முடித்துவிட்டுச் சுவரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. பஸ் சக்கரம்போல இருந்தது. அவளுக்கு ஏக திருப்தி.

சாயங்காலம் ரோஸேரின் லாரி வந்து நின்றது. அவன் இறங்காமல் கண்ணாடி வழியாகவே ரொம்ப நேரம் சுவரைப் பார்த்தான். உள்ளே வந்து கைகழுவினான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் ஓதெத்.

"நேரா இருக்கு."

"அவ்வளவுதானா?"

"குளிர்லயா அடிச்சே?"

"குளிர்லதான். உனக்கென்ன, நீ லாரியில ஹீட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தே."

அவன் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்து, சூப்புக் கிண்ணத்தை இழுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. குளிர்காலமெல்லாம் எங்கே போயிருந்ததோ, அவ்வளவு வெயிலும் ஒரே நாளில் வந்து இறங்கியது. பத்து மணிக்கு வகுப்பு வந்தபோது எல்லாரும் மேல்சட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். முடிந்துபோன தெற்குச் சுவரைப் பார்த்து பெர்நிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ ஒருத்தியாடி போட்டே?"

"பின்னே? நீ வந்து தாங்கினியா?"

ஓதெத் எல்லாருக்கும் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். புல்லில் நின்று குடித்தார்கள். கோரி எட்ட நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் 'டப்' என்று ஒரு சத்தம். சமையல்கட்டு ஜன்னலுக்குக் கீழே ஒரு பலகை மெல்ல வயிற்றைத் தள்ளியது. பிறகு அதற்கு மேலே ஒன்று. 'டப், டப்.' அரைமணி நேரத்தில் தெற்குச் சுவர் முழுவதும், அவசரத்தில் கொடியில் போட்ட ஈரப் போர்வைமாதிரி, மேடும் பள்ளமுமாக அலை அலையாக நின்றது. ரோட்டில் போன கார் ஒன்று வேகத்தைக் குறைத்தது.

கோரி போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினான். அசையவில்லை.

"தாந்த்."

"சொல்லாதே."

"எல்லா ஆணியுமா?"

"எல்லா ஆணியும்" என்றாள் ஓதெத். நாளை மறுநாள் காலை ஒன்பது மணி. ஊரே சிரித்த காகிதத்தை மூடப்போய் அதைவிடக் கேவலமாக ஒன்றைச் செய்து ரோட்டுக்குக் காட்டி நிறுத்தியிருக்கிறாள். வருகிறவன் இதைப் படம் எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தால் வீடு என்ன ஆகும்? அழுகை வந்தது. இருபத்துநாலு வருஷமாகப் பிள்ளைகள் முன்னால் அழுதவள் இல்லை. அதில் ஒருவன் எதிரே நிற்கிறான் என்பதால் விழுங்கிக்கொண்டாள்.

"அத்தனையும் பிரிச்சுப் போடணுமா?" என்று கேட்டாள். "பலகை இவ்வளவுதான் இருக்கு. கெட்டுப்போச்சுன்னா வேற இல்லை."

கோரி வண்டிக்குப் போனான். காய்கறி சீவும் கத்தி நீளத்தில், நுனி வளைந்த இரண்டு கொக்கிகளோடு வந்தான். ஒரு காலி வாளியைக் கவிழ்த்துச் சுவருக்கு நேரே வைத்தான்.

"உக்காருங்க."

"என்னடா?"

"முன் சீட்டு. அஞ்சு நிமிஷம். வாத்தியார் சொன்னதைக் கேக்காதவங்களுக்கு."

பெர்நிஸ் பக்கென்று சிரித்துவிட்டாள். ஓதெத் ஒரு நிமிஷம் அவனை முறைத்தாள். பிறகு வாளியில் உட்கார்ந்தாள்.

கோரி ஒரு பலகையின் அடி விளிம்புக்குள் கொக்கியை நுழைத்து, கீழே இழுத்து, ஜிப்பைத் திறப்பதுபோல நெடுகக் கொண்டுபோனான். பூட்டு விட்டது. பலகையை மேலே தூக்கினான். அடியில் ஓதெத் அறைந்த ஆணிகள் வரிசையாகத் தெரிந்தன. தட்டையான நெம்புகோலால் ஒன்றை, இரண்டை, ஐந்தைக் காசு அளவுக்கு வெளியே இழுத்தான். ஆறாவது ஆணி நெகிழ்ந்ததும் அந்தப் பலகை 'சர்ர்' என்று ஒரு சத்தத்தோடு தானாகப் படிந்தது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

ஓதெத் வாளியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"கெடலையா?"

"ஏன் கெடணும்? ஒரே நாள்தானே மடங்கிச்சு. இடம் குடுத்தா அது பாட்டுக்குப் படிஞ்சுக்கும். நானூறு ஆணி. ஏழு பேர் இருக்கோம். காப்பி மட்டும் நிறுத்தாம வரட்டும்."

ஓதெத் போய்ப் பலகையைத் தொட்டுப் பார்த்தாள். கோரியின் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்துவிட்டு ஏணியை எடுக்கப்போனாள்.

"ஏழு இல்லை, எட்டு" என்று பின்னால் ஒரு குரல்.

ரோஸேர் வாசற்படியில் நின்றிருந்தான். இன்றைக்கு அவன் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. கையில் நெம்புகோல். கோரியிடம் போய்த் தொப்பியைக் கழற்றினான். தலையைச் சொறியவில்லை.

"தம்பி, எவ்வளவு இழுக்கணும்னு எனக்கும் காட்டு."

கோரி அந்தப் பத்து சென்ட் காசைக் கொடுத்தான். ரோஸேர் அதை வாங்கி விரலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

கணவனும் மனைவியும் ஒரே வரிசையில் நின்றார்கள். அவள் கொக்கியால் திறந்து தூக்கிப் பிடிக்க, அவன் ஆணியை இழுத்து, காசைச் செருகிப் பார்த்து, அடுத்ததற்கு நகர்ந்தான். மூன்று பலகை அப்படிப் போயிற்று. நாலாவதில், ஆணியைப் பார்த்தபடியே சொன்னான்.

"மேக்குச் சுவர்ல அந்த ஓட்டையெல்லாம் நான் போட்டது."

ஓதெத் பலகையைப் பிடித்தபடி நின்றாள்.

"நீ உன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தியே, பெட்டி வாங்கின வருஷம், நவம்பர்ல. ஆச்சரியப்படட்டும்னு மூணு வரிசை அடிச்சேன். நல்லா இறுக்கி. நீ திரும்பி வர்றதுக்குள்ள பனி கொட்டிடிச்சு. கீழ்வரிசையெல்லாம் மூடியிருந்துது, உனக்குத் தெரியலை. ஏப்ரல்ல பனி உருகி வெயில் அடிச்சதும் இதே மாதிரி பொம்முனு எழும்பிடிச்சு. நீ பஸ்ஸுக்குப் போனதும் பிச்சு எடுத்து, உடைச்சு, குப்பைக்குப் போட்டுட்டேன். ஓட்டைக்கு டேப் ஒட்டினேன்."

"கடைக்காரன் ஏமாத்தினான்னு சொன்னியே."

"சொன்னேன்."

"அந்த மனுஷனோட நான் பேசறதில்லை, ரோஸேர். பதினோரு வருஷமா. அவன் பொண்டாட்டி செத்ததுக்குக்கூட சூப்பு குடுத்து அனுப்பலை."

"தெரியும். அதை நினைச்சா எனக்கு ராத்திரி தூக்கம் வராது." அவன் இன்னொரு ஆணியை இழுத்தான். "முதல்ல பலகைதான் மட்டம்னு நினைச்சேன். அப்புறம் என் கைதான் மட்டம்னு தெரிஞ்சுது. மரவேலைன்னா எனக்குத் தெரியாதது இல்லை. இது மட்டும் ஏன் வரலைன்னு புரியலை."

"யாரையாவது கேட்டிருக்கலாமே."

"யாரைக் கேக்கறது? வீட்டையே கட்டினவன் நான். சுவர் போடத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?" அடுத்த ஆணிக்கு நகர்ந்து, "நேத்து சாயங்காலம் பாத்ததும் தெரிஞ்சுது, இதுவும் எழும்பும்னு. சொல்லணும்னு வாய்வரைக்கும் வந்துது. சொன்னா எப்படித் தெரியும்னு கேப்பே" என்றான்.

ஓதெத்துக்கு முதலில் வந்தது கோபம். அந்த நெம்புகோலை வாங்கி அவன் முதுகில் ஒன்று வைக்கலாம் என்று தோன்றியது. பதினோரு குளிர்காலம் ஏணியில் ஏறிக் காகிதம் ஒட்டிய கை அவளுடையது. அவன் முகத்தைப் பார்த்தாள். இரும்புச் சுமை இறக்கிய ஆள்மாதிரி வியர்த்து, இலேசாக, கொஞ்சம் பயந்துபோய் இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பலகையை விட்டுவிட்டு ஏணியில் சாய்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அது எதற்கான தண்ணீர் என்று அவளுக்கே தெரியவில்லை.

"பதினோரு வருஷம்" என்றாள். "ஒரு காசு கனத்துக்கு."

"நீ மட்டும் என்னவாம்? உனக்குச் சொல்லிக் குடுத்தும் அடிச்சிருக்கே."

"வாயை மூடிக்கிட்டு ஆணியை இழு கிழவா."

நாலு மணிக்குக் கடைசிப் பலகையும் படிந்தது. வகுப்பு முழுவதும் வரிசையாக நின்று சுவரில் கைவைத்துத் தள்ளிப் பார்த்தது. எல்லாப் பலகையும் கொஞ்சம் போய், கொஞ்சம் வந்தது. ஓதெத் சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒவ்வொன்றையும் தள்ளிக்கொண்டே நடந்தாள். பிறகு எல்லாருக்கும் ப்ளோயும் கோழிக்குழம்பும் பரிமாறினாள். வேய்ன் பன்னிரண்டு ப்ளோய் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு" என்றான். சுவரைச் சொன்னானா, குழம்பைச் சொன்னானா என்று யாரும் கேட்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஓதெத் ஒரு பெரிய பாத்திரத்தில் சூப்பும், கூடவே ரோஸேரையும் எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்காரன் வீட்டுக்குப் போனாள். பேசியது ரோஸேர்தான். அவள் பக்கத்தில் நின்று, அவன் எதையும் விட்டுவிடாமல் சொல்கிறானா என்று கவனித்துக்கொண்டாள். கடைக்காரர் முழுவதையும் கேட்டுவிட்டு, "நான்கூட என் பல்லுசெட்டைப் பாத்துத்தான் நீ முகத்தைத் திருப்பறேன்னு நினைச்சிருந்தேன்" என்றார்.

திங்கள் காலை ஒன்பதுக்கு இன்ஷூரன்ஸ் ஆள் வந்தான். கழுத்தில் கேமரா. நாலு மூலையிலும் நின்று படம் எடுத்தான். தெற்குச் சுவர்ப் பக்கம் வந்தவன் ஷூவில் ஒட்டிய சேற்றைத் துடைக்கச் சுவரில் கையை ஊன்றினான். பலகை நகர்ந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மா, இது ஆடுதே."

"ஆடணும்" என்றாள் ஓதெத்.

அவன் சந்தேகமாகப் பார்த்தான். அவள் பையிலிருந்து பத்து சென்ட் காசை எடுத்து, கோரி சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல், கோரி சொன்னதைவிடச் சத்தமாகச் சொன்னாள். வெயில், குளிர், நீளுவது, சுருங்குவது, அறையக் கூடாது, தொங்கவிட வேண்டும். ரோஸேர் அன்றைக்கு லாரி எடுக்கவில்லை. பின்னால் நின்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையை ஆட்டினான். இன்ஷூரன்ஸ் ஆள், போதும் அம்மா, புரிந்தது என்று சொல்லிக் காகிதத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டான். அவன் கார் மறைந்ததும் ஓதெத் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். ரோஸேர் பக்கத்தில் உட்கார்ந்தான். காகிதம் படபடக்கும் சத்தம் இல்லாமல் அந்த இடம் அவர்களுக்கே புதிதாக இருந்தது.

செப்டம்பரில், உருளைக்கிழங்கு அறுவடைக்காகப் பள்ளிக்கூடத்தை மூடுவதற்கு முந்தின வாரம், சனிக்கிழமை வகுப்பின் அடுத்த சுற்றுக்கான விண்ணப்பங்கள் தொழிற்பயிற்சிக் கூடத்துக்கு வந்தன. இந்தத் தடவை கராஜுக்குச் சைடிங் போட ஒருவர் சேர விரும்பினார். பெயர், ரோஸேர் மிஷோ. தொழில், லாரி. இந்த வேலையில் முன் அனுபவம் உண்டா என்ற கேள்விக்கு எதிரே, பேனாவை அழுத்திப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'மூன்று வரிசை. எல்லாம் தப்பு.' கோரி அதை வாசித்துவிட்டு முதல் ஆளாகச் சேர்த்துக்கொண்டான்.